வலப்புறம் நின்றவர்கள்

காலை ஒன்பது மணிக்குச் சாம்பல் பட்டியல் வரும். குழல்வாய்மொழி தன் மேசைக்கு வந்ததும் காப்பித் தம்ளரை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைத்தான் திறப்பாள். அன்று பதினேழு வாக்கியங்கள் இருந்தன. லிமாவில் ஒரு மருத்துவர் இறந்துபோனதில் பதினொன்று. நைரோபியில் ஒருவருக்குப் பார்வை மங்கிப்போனதில் ஐந்து. நேற்றுவரை கறுப்பாக இருந்த எழுத்துகள் திரையில் வெளிறிப்போய் நின்றன. யாராவது நேரில் போய், நோயாளியைப் பார்த்து, 'நானும் கண்டேன்' என்று கையெழுத்திட்டால் மறுபடி கறுக்கும். தொண்ணூறு நாளுக்குள் ஒருவரும் போகாவிட்டால் நூலிலிருந்து உதிர்ந்துவிடும்.

பதினேழாவதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது அவளுடைய வாக்கியம்.

அவள் சாகவில்லை, கண்ணும் நன்றாகத்தான் இருந்தது. ஏழு ஆண்டு முடிந்திருந்தது, அவ்வளவுதான். முதலில் கண்டவர் உயிரோடிருந்தாலும் ஏழு ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி போய்க் கண்டு வர வேண்டும். நரம்பியல் பெருங்கோவையின் சட்டம் அது. ஏழு லட்சத்துச் சொச்சம் வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் அடியில் உயிரோடிருக்கும் ஒரு மனிதரின் பெயர். மூளையையும் நரம்பையும் பற்றி உலகத்தில் எந்த மருத்துவமனைப் பொறியும் எதையாவது நம்ப வேண்டுமென்றால், அது இந்த நூலில் இருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் அப்படி இல்லை. பொறிகள் எழுதியதைப் பொறிகள் படித்து, படித்ததிலிருந்து மறுபடி எழுதி, கடைசியில் இல்லாத ஒரு நோய்க்கு நாற்பதாயிரம் பேர் மருந்து சாப்பிட்டார்கள். அந்த நோயை ஒருவர்கூடக் கண்ணால் கண்டதில்லை என்பது தெரிய ஆறு ஆண்டு ஆயிற்று. போலிநோய்க் காலம் என்று பள்ளிப் பாடத்தில் வரும். அதற்குப் பிறகுதான் கண்டசாட்சிச் சட்டம் வந்தது. பாளையங்கோட்டையில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தில் இந்த நிலையமும் வந்தது. ஐம்பத்திரண்டு ஆண்டாகப் பெருங்கோவையின் தலைமையகம் இதுதான். ஊர்க்காரர்கள் ஆட்டோவில் ஏறினால் 'மூளை ஆபீஸ்' என்று சொல்லி இறங்குவார்கள்.

"என்னட்டி, உன் ராசாத்தி சாம்பலாயிட்டாளே" என்று தலைமைப் பதிப்பாசிரியர் எப்சிபா வாசலில் நின்று சிரித்தாள். இருவரும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். எப்சிபா பதவி உயர்ந்து மாடிக்குப் போனாள். குழல்வாய்மொழி, சுருக்கமாக மொழி, நோயாளிகளைத் தேடி ஊர் ஊராகப் போனாள்.

"மூணாவது தடவை. போயிட்டு வந்தா மறுபடி ஏழு வருசத்துக்குக் கவலையில்ல."

"கயத்தாறுல ஒரு பேஷன்ட் இருக்கா. நாலாம் நிலை. வீட்டுலதான் வச்சிருக்காவ. நீ கையெழுத்துப் போட்டாத்தான் அமைதி இல்லத்துக்கு மாத்த முடியும்னு அங்க உள்ள பொறி காத்துக்கிட்டுக் கெடக்கு. நாளைக்கே போயிரு."

மொழி தலையாட்டினாள். எப்சிபா போன பிறகு அந்த வாக்கியத்தை மறுபடி படித்தாள். படிக்கத் தேவையில்லை, தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள்.

ஒடுக்கநோயின் நான்காம் நிலையில், உடனிருப்போரை அறியும் ஆற்றல் முற்றிலும் நீங்கிவிடுகிறது.

வெப்ப ஆண்டுகளுக்குப் பிறகு வந்த நோய் அது. உடம்பு மடிப்பு மடிப்பாக உள்ளே ஒடுங்கும். நான்காம் நிலையில் கை கால் அசையாது, பேச்சு இருக்காது, கண் மட்டும் திறந்திருக்கும். அந்தக் கண்ணுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்பதை அப்போது முப்பத்தாறு வயதான மொழிதான் முதன்முதலில் முறையாகச் சோதித்துச் சொன்னாள். இல்லை என்று சொன்னாள். அவள் பெயரோடு நூலில் ஏறிய முதல் வாக்கியம். அன்று மாலையே உலகத்தின் எல்லா மருத்துவமனைப் பொறிகளும் அதைக் கற்றுக்கொண்டன. பிறகு நைரோபியிலும் லிமாவிலும் நான்கு பேர் தனித்தனியாகப் போய்ச் சோதித்து, அவள் கண்டது சரியென்று துணைக் கையெழுத்திட்டார்கள்.

அந்தப் பெருமையை அவள் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. ரவிக்கைக்குள் போட்டுக்கொள்ளும் சங்கிலி போல அது உள்ளேயே கிடந்தது. குனியும்போது மட்டும் உடம்பில் பட்டு, இருக்கிறேன் என்று சொல்லும். மணமுறிவுக்குக் கையெழுத்திட்டுவிட்டு நீதிமன்றப் படியிறங்கிய நாளில்கூட, என் பெயர் நூலில் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். இப்போது அவள் பெயரில் நானூற்றுப் பதினெட்டு வாக்கியங்கள் இருந்தன. முதல் வாக்கியத்தின் மேல் உள்ள பாசம் மற்றவற்றின் மேல் வரவில்லை.

*

கயத்தாற்றில் பேருந்து இறங்கியதும் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. ஊரைச் சுற்றிக் காற்றாலைகள். பழையவை ஓட்டமில்லாமல் மொட்டையாக நின்றன. புதியவை சத்தமில்லாமல் சுற்றின. நோயாளியின் வீடு தெருக்கோடியில் இரண்டு அறை வீடு. கதவைத் திறந்தவர் எழுபது வயது இருப்பார். ஆவுடைநாயகம், நோயாளியின் கணவர். காற்றாலை மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர் என்று கோப்பில் படித்திருந்தாள்.

"வாங்கம்மா. மூளை ஆபீஸ்ல இருந்தா? மோர் குடிக்கியளா?"

"வேண்டாங்கய்யா. முதல்ல பாத்துருதேன்."

நோயாளி பிரமு, அறுபத்தாறு வயது, கட்டிலில் நிமிர்ந்து படுத்திருந்தாள். தலை வாரிப் பின்னியிருந்தது. நெற்றியில் பொட்டு நேராக இருந்தது. ஆண்கள் வைத்துவிட்டால் வழக்கமாகக் கோணிப்போகும். கண்கள் கூரையைப் பார்த்துக் கிடந்தன. கட்டிலின் கால்மாட்டில் அரசு கொடுத்த பணிவிடைப் பொறி, ஆள் உயரத்துக்கு, விளக்கு எரியாமல் நின்றது. நான்காம் நிலை தொடங்கியதும் அது பேசுவதை நிறுத்திவிடும். அறிய ஆளில்லாத இடத்தில் ஒலி நரம்புக்கு வெறும் சுமை. மௌனமாக வைத்திருந்தால் நோயாளி நோகாமல் போவார். மொழியின் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் எழுதப்பட்ட வேறு வாக்கியங்கள் அவை. அமைதி இல்லத்தில் செவிலியர்கூட துணிச் செருப்புத்தான் போடுவார்கள்.

கட்டிலின் வலப்பக்கத்துக்கும் சுவருக்கும் நடுவே ஒரு தலையணை செருகும் இடுக்குதான் இருந்தது, நின்று சோதிக்க இடமில்லை.

"ஐயா, கட்டில இழுத்துப் போட்டு வையுங்கன்னு தகவல் அனுப்புனோமே."

"இழுக்கணும்னுதான் பாத்தேன். இடுப்பு புடிச்சிக்கிட்டு. சக்கரமும் மக்கர் பண்ணுது. நீங்க இந்தப் பக்கம் உக்காந்து பாருங்களேன். ஸ்டூல் கெடக்கு."

மொழி எரிச்சலை அடக்கிக்கொண்டு கட்டிலை அசைத்துப் பார்த்தாள். நகரவில்லை. நிலையத்தின் கையேட்டில் முதல் வரியே 'நோயாளியின் வலப்புறம் நின்று பார்' என்பதுதான். முப்பத்தொரு ஆண்டில் அவள் ஒருமுறைகூட இடப்புறம் நின்று யாரையும் சோதித்ததில்லை. மருத்துவக் கல்லூரியில் அவள் ஆசிரியர்கள் நின்றதில்லை, அவர்களுடைய ஆசிரியர்களும் நின்றதில்லை. இடக்கையைச் சோதிக்க வேண்டுமென்றாலும் வலப்புறத்திலிருந்தே எட்டிச் சோதிப்பார்கள். திரும்பிப் போய்விடலாமா என்று யோசித்தாள். முழங்கால் வலித்தது. அடுத்த பேருந்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. ஸ்டூலை இழுத்து இடப்புறம் உட்கார்ந்தாள்.

"பிரமு அம்மா. என் பேரு மொழி. உங்களப் பாக்க வந்திருக்கேன்."

அந்தச் சொற்களைச் சொல்லிக்கொண்டே அவள் கைவிளக்கைத் தேடிப் பையைத் துழாவினாள். வெறும் சடங்கு அது. பதில் வராது என்று தெரிந்துகொண்டே கேட்கும் கேள்வி. விளக்கை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பிரமு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தற்செயல் என்று மொழி நினைத்தாள். கண்கள் அலையும், அலைகிற கண்ணைப் பார்வை என்று நம்பி ஏமாறக் கூடாது என்று அவளே எழுதியிருக்கிறாள், அது அவளுடைய நாற்பத்தோராவது வாக்கியம். எழுந்து கால்மாடு சுற்றி, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே தலையணை வைத்திருந்த இடுக்கு வழியாக உடம்பை ஒடுக்கிக்கொண்டு வலப்பக்கம் போய்க் கூப்பிட்டாள். கூரையைப் பார்த்துக் கிடந்த கண்கள் அசையவில்லை. தோளைத் தொட்டாள். கிள்ளினாள். விளக்கடித்தாள். இருபத்தோரு ஆண்டாக அவள் கண்டிருந்த அதே முகம். ஆளில்லாத முகம்.

இடப்பக்கம் வந்தாள். கண்கள் வந்தன.

ஆவுடைநாயகம் வாசல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க. கூப்பிடும்போது மட்டும் வந்து ஸ்டூல்ல உக்காருங்க. பேசக் கூடாது. சீட்டு மாதிரி எதாவது இருக்கா, குலுக்கிப் போட? நானா முடிவு பண்ணுனா நான் எதிர்பாக்குறதுதான் என் கண்ணுக்குத் தெரியும்."

அவர் உள்ளே போய் ஒரு டப்பா கொண்டுவந்தார். ஒரு பக்கம் தேய்த்து வெள்ளையாக்கிய புளியங்கொட்டை. "நாங்க தாயம் ஆடுறது. அவ கள்ள ஆட்டம் ஆடுவா, பாத்துக்கிடுங்க."

வெள்ளை விழுந்தால் அவர், கறுப்பு விழுந்தால் மொழி. இருபது முறை போட்டாள். இருபது முறையும் கண்கள் இடப்பக்கம் வந்தன. ஆனால் ஒரே மாதிரி வரவில்லை. மொழி உட்கார்ந்தபோது பிரமு ஒரு முறை பார்த்துவிட்டு, அவளைத் தாண்டி வாசலைப் பார்த்தாள், பார்வை வாசலிலேயே நின்றது. அவர் உட்கார்ந்தபோது கண்கள் அவர் முகத்தில் வந்து விழுந்து, அவர் எழுந்திருக்கும் வரை அங்கேயே கிடந்தன. பதினெட்டு முறை அப்படியே. இரண்டு முறை தெளிவில்லை என்று மொழி எழுதிக்கொண்டாள்.

என்னைப் பார்த்துவிட்டு அவரைத் தேடுகிறாள். இதற்குப் பெயர் அறிதல் இல்லையென்றால் வேறு எதற்கு அந்தப் பெயர்?

நோய் அவளுடைய வலப்பக்கத்தை எடுத்துப் போயிருந்தது. கண் குருடாகவில்லை, காது அடைபடவில்லை. வலப்பக்கம் என்ற ஒன்று உலகத்தில் இருக்கிறது என்ற நினைப்பே போயிருந்தது. அந்த இல்லாத பக்கத்தில் நின்றுகொண்டுதான் மொழியும், நைரோபிக்காரர்களும், லிமாக்காரர்களும் கூப்பிட்டிருக்கிறார்கள். பதில் வரவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். ஒருவர் கண்டதை மற்றவர் உறுதி செய்ய, எல்லோரும் ஒரே இடத்தில் நின்றிருக்கிறார்கள்.

"ஐயா, இத நீங்க யாருகிட்டயும் சொல்லலையா?"

"சொல்லாம? வாராவாரம் சொன்னேன், அவ பாக்கா பாக்கான்னு. அந்தப் பொறி 'குடும்பத்தார் நம்பிக்கை'ன்னு ஒரு கட்டத்துல எழுதிக்கிட்டுப் போயிரும். முந்தி வந்த நர்சம்மாவும் கட்டில இழுத்து அந்தப் பக்கம் போயி நின்னாவ. அப்பதான் எனக்கு உறைச்சுது. முப்பது வருசம் காத்தாடி பாத்தவன்ம்மா. காத்து வராத பக்கமா மூஞ்சியத் திருப்பி வச்சிக்கிட்டு, சுத்தலையே சுத்தலையேன்னா எப்படிச் சுத்தும்?" அவர் எழுந்து மடியிலிருந்து ஒரு இரும்புத் துண்டை எடுத்தார். கட்டில் சக்கரத்தின் அச்சாணி. "இடுப்பெல்லாம் ஒண்ணும் பிடிக்கல. நாந்தான் கழட்டி வச்சேன். நீங்களும் அந்தப் பக்கம் போயிருவியளேன்னு."

மொழி அந்த ஆணியையே பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றார் அவர். குரல் மாறியிருந்தது. "ஒண்ணுமே தெரியாதுன்னு எழுதி வச்சாவளே, அந்தப் புண்ணியவான் யாரு? இருக்காவளா, போய்ச் சேந்துட்டாவளா?"

பொய் சொல்லத் தோன்றவில்லை.

"நாந்தான்."

ஆவுடைநாயகம் உள்ளே போய், வேண்டாமென்று அவள் சொன்ன மோரைக் கொண்டுவந்து வைத்தார். "குடிங்க. வெயில்ல வந்திருக்கிய" என்று மட்டும் சொன்னார். பிரமு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

திரும்பும் பேருந்தில் அவள் தன் பழைய கோப்பைத் திறந்தாள். இருபத்தோரு ஆண்டுக்கு முன் அவள் சோதித்த முதல் நோயாளி பேச்சிமுத்து, பேருந்து ஓட்டுநர். குறிப்புகள் முழுவதும் அவள் கையெழுத்து. எட்டு நாள், முப்பத்திரண்டு சோதனைகள். எவ்வளவு கவனமாகச் செய்திருக்கிறாள் என்று ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிப் பார்த்தாள். சோம்பலில் வந்த பிழையாக இருந்தால் தாங்கியிருக்கலாம். கடைசிப் பக்கத்தில் 'குடும்பத்தார் நம்பிக்கை' என்ற கட்டம். அதில் அவளே எழுதியிருந்தாள்: 'மகள், 19 வயது. அப்பா என்னைப் பார்க்கிறார் என்கிறாள்.'

அந்தப் பெண் எங்கே நின்றிருந்தாள் என்று நினைவுபடுத்திப் பார்த்தாள். நினைவு வந்தது. எதிரே. கட்டிலுக்கு அந்தப் பக்கம், ஜன்னலோரம். மருத்துவர் நிற்கும் இடத்தில் குடும்பத்தார் நிற்கக் கூடாது.

நிலையத்தில் எப்சிபா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையேட்டின் முதல் பக்கத்தைத் திரையில் கொண்டுவந்தாள். 'நோயாளியின் வலப்புறம் நின்று பார்.' எப்போதும்போல் கறுப்பாக இருந்தது. எப்சிபா அதன் அடியில் விரலை வைத்தாள். பெயர் வரவில்லை.

"இதுக்குச் சாட்சியே இல்லட்டி" என்றாள். "ஏழு லட்சம் வாக்கியத்துக்கும் ஆள் இருக்கு. இந்த ஒண்ணு மட்டும் நூல்ல இல்ல, கையேட்டுல இருக்கு. அதனால யாரும் கேக்கல. யாரு கண்டா, எப்பக் கண்டா, ஒண்ணும் கிடையாது."

வாசலுக்கு நேரே ஒரு சுவர் உண்டு. புதிதாக வாக்கியம் சேர்த்தவர்களுக்கு நிலையத்தில் எந்தக் கொண்டாட்டமும் கிடையாது. பிழையான வாக்கியத்தைக் கண்டுபிடித்துக் கோடிட்டு அடித்தவர்களின் பெயர்தான் அந்தச் சுவரில் ஏறும். யாராவது அடித்தால் பழைய பள்ளிக்கூட மணியை ஒருமுறை அடிப்பார்கள். எல்லோரும் எழுந்து நிற்பார்கள். சுவரில் ஐம்பத்து மூன்று பெயர்கள் இருந்தன. எல்லாம் பிறர் வாக்கியத்தை அடித்தவர்கள்.

"அடிக்க ஒரு கண் போதும்" என்றாள் எப்சிபா. "நீ இப்பவே அடிக்கலாம். அந்தம்மாவ இல்லத்துக்குக் கொண்டுபோக மாட்டாவ. ஆனா அத்தோட பொறி சும்மா நிக்கும். வாக்கியம் இல்லாத இடத்துல அது ஒண்ணுஞ் செய்யாது, பேசாது. நாலாம் நிலைல உள்ள மத்த அறுநூறு பேரு அப்படியேதான் கெடப்பாவ. அடிச்ச எடத்துல புது வாக்கியம் போடணும்னா ரெண்டு நோயாளி, ரெண்டு கண். நைரோபிக்கு எழுதுவோம். ஒரு மாசத்துல ஆள் போயிப் பாத்துருவாவ."

"நாலாம் நிலைல ஒருத்தர் இருக்கது நூத்தி இருவது நாளு. ஒரு மாசங்கிறது அதுல கால்வாசி."

"வேற வழி?"

"சட்டத்தைப் படி, எப்சி."

எப்சிபா படித்தாள். சாட்சியம் என்பது உயிரோடிருக்கும் ஒருவர் தம் கண்ணால் கண்டது, கண்ட இடமும் முறையும் அவர் சொல்லக்கூடியது. அவ்வளவுதான் இருந்தது; புதிதாகச் சேர்ப்பதை எப்போது கண்டிருக்க வேண்டும் என்ற கெடு இல்லை. மருத்துவர் என்ற சொல் எங்குமே இல்லை. ஐம்பத்திரண்டு ஆண்டாக மருத்துவர்களே கையெழுத்திட்டு வந்ததால் அது இருப்பதாக எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

"நாளைக்கு ஊர்ல உள்ளவன்லாம் நான் கண்டேன் நான் கண்டேன்னு வருவானே."

"வரட்டும். எங்க நின்னு பாத்தேன்னு கேப்போம். அந்தக் கேள்விய நம்ம நம்மகிட்ட ஒரு தடவகூடக் கேட்டதில்ல."

*

பேச்சிமுத்துவின் மகள் முப்பிடாதி இப்போது தூத்துக்குடியில் மின்படகு ஓட்டினாள். கடல் ஏறி வந்த பிறகு பழைய நகரத்தின் மேட்டுத் தெருக்கள் தீவுகளாகிவிட்டன. அவற்றுக்கிடையே ஆளேற்றிப் போகும் படகு. தொலைபேசியில் மோட்டார் சத்தம் கேட்டது. மொழி தான் யாரென்று சொன்னாள். என்ன கண்டாள் என்று சொன்னாள். சத்தம் நின்றது. படகை நிறுத்திவிட்டாள் போலிருந்தது.

"இருவத்தோரு வருசம் கழிச்சுச் சொல்லுதியளே டாக்டரம்மா."

"ஆமா."

"நான் அன்னைக்கே சொன்னேம்லா?"

"சொன்னீங்க. காதுல கேட்டேன். எழுதவும் செஞ்சேன். நம்பல."

மறுமுனையில் யாரோ பயணி, என்னக்கா நடுவுல நிறுத்திட்டிய என்று கத்தினான். "கொஞ்சம் சும்மா இருடே!" என்று அவள் திரும்பக் கத்தினாள். பிறகு மெதுவாக, "நாளைக்கு வாரேன்" என்றாள்.

மறுநாள் காலை அவள் வந்தபோது உப்புக்காற்றில் காய்ந்த முகமும் உறுதியான தோளுமாக இருந்தாள். மொழியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். எப்சிபா பக்கத்தில் பதிவு செய்தாள்.

"எங்க இருந்து பாத்தீங்க?" என்று மொழி கேட்டாள்.

"அவுகளுக்கு இடப்பக்கம். அங்கதான் பாய் போட்டுப் படுத்துக்கிடுவேன். வலப்பக்கம் நீங்கள்லாம் வருவிய, போவிய."

"எத்தன நாளு?"

"நூத்திப் பதினாலு."

"உங்களப் பாத்தாங்கன்னு எப்படித் தெரியும்?"

முப்பிடாதி தன் கைகளைப் பார்த்தாள். "பேசக் கூடாதுன்னு சொல்லிட்டிய. பேசுனா அவுகளுக்குத்தான் நோவும்னு. சரி, நான் பேசல. சத்தமில்லாம வாய மட்டும் அசைப்பேன். அன்னைக்கு என்ன நடந்துச்சு, எந்த பஸ் எங்க நின்னுச்சு, எல்லாம். அவுக என் வாயையே பாத்துக்கிட்டு இருப்பாவ. வேற யாரும் வந்து உக்காந்தா ஒரு நோட்டம் விட்டுட்டு என்னையத் தேடுவாவ. தெனமும். ஒருநாளு கூடத் தவறல."

மொழி எழுதுவதை நிறுத்தினாள். என்னைப் பார்த்துவிட்டு அவரைத் தேடினாள் என்று கயத்தாற்றில் எழுதிய குறிப்பு அவள் பையிலேயே இருந்தது. அதை இந்தப் பெண்ணுக்குக் காட்டவில்லை. காட்டாமலே இவள் அதையே சொல்லிவிட்டாள். பத்தொன்பது வயதில், கருவியில்லாமல், நூற்றுப் பதினான்கு நாள் பாயில் கிடந்து, தன்னைவிடச் சரியாகப் பார்த்தவள் எதிரே உட்கார்ந்திருந்தாள். மொழிக்கு வெட்கம் வந்தது. அதன் கூடவே, இடமே இல்லாத இடத்தில், பெருமையும் வந்தது. இந்த நூலுக்கு இப்படி ஒரு கண் கிடைக்கிறதே என்று.

அவள் தன் பழைய வாக்கியத்தைத் திறந்து அடித்தாள். காரணம் என்ற கட்டத்தில், 'நான் தவறான இடத்தில் நின்றேன்' என்று எழுதினாள். கீழே முற்றத்தில் மணி ஒருமுறை ஒலித்தது. மாடியிலும் கீழேயும் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்தார்கள். எப்சிபாவும் எழுந்தாள். ஏனென்று தெரியாமல் முப்பிடாதியும் எழுந்தாள்.

"ஐம்பத்து நாலாவது பேரு" என்றாள் எப்சிபா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "தன்னோடதையே அடிச்சவ நீ ஒருத்திதாண்டி. சுவத்துல தனியா ஒரு ஆணி அடிக்கணும்."

புதிய வாக்கியம் திரையில் சாம்பல் நிறத்தில் காத்திருந்தது: ஒடுக்கநோயின் நான்காம் நிலையில் வலப்புற உலகம் மறைந்துவிடுகிறது, இடப்புறம் இருப்போரை நோயாளி அறிகிறார், தம்மவரைத் தேடுகிறார். மொழி கையெழுத்திட்டாள். முப்பிடாதியின் முறை வந்தபோது அவள் பேனாவைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள்.

"எங்கப்பா பேரு இதுல வருமா?"

"நோயாளி பேரு போடக் கூடாதும்மா" என்றாள் எப்சிபா. "சட்டம். உங்க பேரு, தொழில், அவ்வளவுதான். இனிஷியல்கூட வேண்டியதில்ல."

"வேண்டாம்னா போடக் கூடாதுன்னா அர்த்தம்?"

எப்சிபா மொழியைப் பார்த்தாள். "இல்ல. போடலாம்."

முப்பிடாதி குனிந்து, முதல் எழுத்தை மற்ற எழுத்துகளைவிடப் பெரிதாக எழுதினாள். பே. முப்பிடாதி, படகோட்டி. திரையில் வாக்கியம் ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் கறுத்தது.

மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகத்தில் அறுநூற்றுப் பதினோரு அறைகளில் அந்த நேரத்தில் பணிவிடைப் பொறிகள் கண் விழித்திருக்கும். கட்டிலைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் வந்து, படுத்திருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கும். இருபத்தோரு ஆண்டில் அப்படி யாரும் கூப்பிடாமல் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்பதும் மொழிக்குத் தெரியும். இந்த இரண்டையும் இனி அவள் சேர்த்தே சுமக்க வேண்டும். சங்கிலி உள்ளேதான் கிடந்தது. எடை மட்டும் மாறியிருந்தது.

தொலைபேசி அடித்தது. ஆவுடைநாயகம்; மொழி மூவரும் கேட்கும்படி எடுத்தாள்.

"எம்மா, இந்தப் பொறி திடீர்னு எந்திரிச்சு வந்து 'பிரமு அம்மா, வணக்கம்'ங்குது! அவ அதையே மேலயுங் கீழயும் பாக்கா. பாத்துட்டு என்னையப் பாக்கா, யாருவே இதுங்கிற மாதிரி." அவருக்கு மூச்சு வாங்கியது, அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. "எல்லாஞ் சரி. ஆனா அது என் ஸ்டூலத் தள்ளிவிட்டுட்டு என் இடத்துல வந்து நிக்குதும்மா. நான் எங்க உக்கார?"

மொழி முப்பிடாதியைப் பார்த்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே முப்பிடாதி முன்னால் சாய்ந்து தொலைபேசியில் சொன்னாள்:

"இடத்த விட்டுறாதிய, அண்ணாச்சி. அத எட்டி நிக்கச் சொல்லுங்க."